காவலும் நொச்சியும்: தகவல் உட்கட்டமைப்புக் காப்புச் சட்டம் குறித்த ஓர் ஆய்வு

இந்திய நாடாளுமன்றம் 2008-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22, 23 ஆகிய இரு நாள்களில், நீண்ட விவாதமின்றி, தகவல் தொழில்நுட்பச் சட்டத்திற்கு ஒரு திருத்தம் இயற்றிற்று. 2009-ஆம் ஆண்டு அக்டோபர் 27-ஆம் நாள் முதல் அது நடைமுறைக்கு வந்தது. அத்திருத்தத்தால் 2000-ஆம் ஆண்டின் மூலச் சட்டத்துள் 70-அ, 70-ஆ என இரு பிரிவுகள் புதியனவாகப் புகுந்தன. நாட்டின் கணினிவழிக் கட்டமைப்புகளைக் காத்தற்கெனத் தனி முகமைகள் தோன்ற வழிவகுத்தவை இவ்விரு பிரிவுகளே.

சட்டநூல் வல்லார் ஆராய வேண்டிய பொருளைத் தமிழ்த்துறையார் கைக்கொள்வது ஏன் என ஒருவர் வினவலாம். சட்டம் சொல்லால் ஆயது. காக்கப்படுவது யாது, காப்போன் யாவன், காவல் தவறியவழி விடை கூறுவோன் யாவன் என்னும் மூன்றும் அச்சொற்களுள்ளேயே அடங்கிக் கிடக்கின்றன. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் அமைந்த நிலப்பகுதியோ இம்மூன்று வினாவிற்கும் பல நூற்றாண்டுகளாக விடை கண்டும் காணாதும் வந்த பகுதியாகும். ஆதலின் அப்பகுதியின் சான்றுகளைத் துணைக்கொண்டு இச்சட்டத்தின் சொல்லமைப்பை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் பெயர் பற்றி ஒன்று கூறுதல் வேண்டும். இத்துறையைச் சுட்ட 'சைபர்' என்னுஞ் சொல்லே காவல் துறையிலும் செய்தித்தாள்களிலும் வழங்குகின்றது. ஆயின் தமிழ் மக்கள் 'சைபர்' என்பதனைப் பன்னெடுநாளாகவே அறிவர். தேர்வில் ஒன்றும் பெறாத மாணவன் பெற்றது அதுவே. சுழியைக் குறிக்கும் அச்சொல் அரபு மொழியினின்று ஐரோப்பிய மொழிகளின் வழியாக நம்மிடம் வந்தது. இற்றை நாள் 'சைபர்' அதனின் வேறு. மீகாமனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று நார்பர்ட் வீனர் என்னும் கணித அறிஞர் 1948-ஆம் ஆண்டில் தம் நூலுக்கு ஆக்கிக்கொண்ட பெயரின் முற்கூறு அது. ஒலி ஒன்று, பிறப்பு இரண்டு. கலம் செலுத்துவோனைக் குறித்த சொல் தமிழெழுத்தில் சுழியோடு மயங்கி நிற்றல் கண்டு நகைப்பதற்கு இடமுண்டு. எனினும் வழக்கு வலியுடைத்தாதலின் யாம் அதனை விலக்கப் புகவில்லை.

இனி, காக்கப்படுவது யாது என்பதனைக் காண்போம். 70-ஆம் பிரிவு, திருத்தத்திற்கு முன், அரசு எக்கணினியையும் 'காக்கப்பட்ட அமைப்பு' என அறிவிக்கலாம் எனப் பொதுப்படக் கூறியது. திருத்தம் அதனைச் சுருக்கி, இன்றியமையாத் தகவல் உட்கட்டமைப்பினை நேராகவோ மறைமுகமாகவோ தாக்கவல்ல கணினி வளத்தையே அங்ஙனம் அறிவிக்கலாம் என வரையறுத்தது. அவ்வுட்கட்டமைப்பு யாது? எக்கணினி வளம் செயலிழந்தாலும் அழிந்தாலும் நாட்டின் பாதுகாப்போ, பொருளாதாரமோ, பொது நலவாழ்வோ, மக்கள் ஏமமோ தளர்ச்சியுறுமோ அதுவே அஃது என்பது சட்டத்தின் விளக்கம்.

இவ்விலக்கணத்தின் போக்கு உற்று நோக்கத்தக்கது. பொருளின் உறுப்பையோ வடிவையோ கூறி இலக்கணம் வகுத்தல் ஒரு முறை. திருக்குறளின் 75-ஆம் அதிகாரம் அரணுக்கு நீர், நிலம், மலை, காடு என உறுப்புகளைக் கூறுதல் அம்முறையது. பெரம்பலூர் மாவட்டத்து ரஞ்சன்குடிக் கோட்டையைக் காண்பார், இஃது அரண் என ஒருவர் சொல்லாமலே அறிவர். மதிலும் அகழியும் கண்முன் நிற்கின்றன. 1751-ஆம் ஆண்டு சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் ஒருபுறமும், முகம்மது அலியும் ஆங்கிலேயரும் மறுபுறமுமாக அங்குப் பொருதபொழுது எதனைப் பற்றினால் வெற்றி என்பதில் இரு திறத்தார்க்கும் ஐயமிருந்திராது. நம் சட்டமோ பொருளின் உறுப்பைக் கூறாது, அப்பொருள் இல்லாதொழியின் விளையும் கேட்டினைக் கொண்டு அதனை அறிக என்கின்றது. இழப்பால் அறியப்படும் பொருள் இது. கணினிக்கு வேறு இலக்கணம் கூறல் இயலாமையின் இம்முறை பொருத்தமே. ஆனால் இதனால் ஓர் இடர்ப்பாடும் உண்டு. இழப்பு நேரும் முன்னரே அதனை மதிப்பிடுவார் ஒருவர் வேண்டும். அவர் மதிப்பீட்டில் தப்பியது காவலுக்குள் வாராது.

'நேராகவோ மறைமுகமாகவோ' என்னும் தொடரின் வன்மையை அரியலூர் மக்களுக்கு விளக்க வேண்டுவதில்லை. பெரம்பலூரை அடுத்த பச்சைமலையில் தோன்றி அரியலூர்ப் பகுதி வழியோடிக் கொள்ளிடத்தில் கலப்பது மருதையாறு. கோடையில் அதனை ஆறென்று சொல்லத் தயங்குவார் உளர். 1956-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் வைகறையில், மழைவெள்ளம் பெருகிய அவ்வாற்றின் பாலம், அரியலூருக்கும் கல்லகத்திற்கும் இடையே, சென்னையிலிருந்து தூத்துக்குடி செல்லும் விரைவு வண்டியைத் தாங்காது முறிந்தது. எஞ்சினும் பெட்டிகளும் நீருள் வீழ்ந்தன. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மேட்டுநிலத்து மழை பள்ளத்துப் பாலத்தை உடைக்கும். ஓரிடத்துக் கணினியின் பழுதும் அவ்வாறே நெடுந்தொலைவில் நின்ற மருத்துவமனையின் வாயிலை அடைக்கும். பாலம் காப்பவன் பாலத்தை மட்டும் நோக்கியிருத்தல் போதாது என்பதனையே சட்டம் 'மறைமுகமாகவோ' என்னும் ஒரு சொல்லால் கூறிற்று.

அவ்விபத்திற்குப் பின் நிகழ்ந்தது யாவரும் அறிந்தது. அதே ஆண்டில் மகபூப்நகர் விபத்தின்போதே பதவி விலக முன்வந்திருந்த இருப்புப்பாதை அமைச்சர் லால் பகதூர் சாத்திரி, அரியலூர் விபத்திற்குப் பொறுப்பேற்றுப் பதவி துறந்தார். பிரதமர் நேரு அதனை ஏற்றார். அமைச்சரின் பண்பு இங்குப் பெரிதும் பேசப்படுகின்றது. அதனினும் குறைவாகப் பேசப்படும் ஓர் அமைப்பு முறையை இங்குச் சுட்ட விரும்புகின்றோம். இருப்புப்பாதையின் காப்பு நிலையைச் சோதிக்கும் அலுவலர் 1941-ஆம் ஆண்டிலேயே இருப்புப்பாதை வாரியத்தினின்று பிரிக்கப்பட்டு அஞ்சல், வானூர்தித் துறையின்கீழ் வைக்கப்பட்டனர். இன்றும் இருப்புப்பாதைக் காப்பு ஆணையம் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழேயே உள்ளது. வண்டி ஓட்டுபவனும் வண்டியின் குற்றம் காண்பவனும் ஒரே இல்லத்தில் உண்ணலாகாது என்பது இதன் கருத்து. புதிதாக இதனைக் கேட்கும் மாணவர் இதென்ன பொருந்தா முடிச்சு என வியப்பர். முடிச்சு வேண்டுமென்றே இடப்பட்டது.

இனிக் காப்போன் யாவன் என்னும் வினாவிற்கு வருவோம். இங்கு வினைமுற்றுகளைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். 70-அ பிரிவு, மைய அரசு தன் நிறுவனம் ஒன்றனை இன்றியமையா உட்கட்டமைப்புக் காப்பிற்குரிய தேசிய மைய முகமையாகக் குறிப்பிட'லாம்' என்கின்றது. 70-ஆ பிரிவோ, இந்தியக் கணினி அவசரநிலைச் செயற்குழு எனப் பெயரிய முகமை ஒன்றனை அரசு அமர்த்துதல் 'வேண்டும்' என்கின்றது. ஒன்று விருப்பம் சுட்டியது, மற்றொன்று விதித்தது. அமர்த்துதல் வேண்டும் என்ற முகமைக்குச் சட்டமே பெயரிட்டது. செய்திகளைத் திரட்டி ஆய்தல், வருமுன் எச்சரித்தல், நேர்ந்தபின் உதவுதல், பலரை ஒருங்கிணைத்தல், நெறிமுறை வெளியிடல் முதலாகப் பணிகளையும் வகுத்துக் கூறியது. குறிப்பிடலாம் என்ற முகமைக்கோ பெயருமில்லை, பணிவகையும் இல்லை. ஆராய்ச்சி உள்ளிட்ட எல்லா நடவடிக்கைகளுக்கும் அது பொறுப்பு என ஒரே வாக்கியத்தில் எல்லாம் அடங்கின. எஞ்சியவற்றை விதிகள் கூறுக என விட்டொழிந்தது சட்டம்.

செயற்குழு 2004-ஆம் ஆண்டு சனவரி முதலே நடந்துவந்தது. அதற்குச் சட்டம் பின்னர் வந்தது. மின்னணுத் துறை அமைச்சகத்தின்கீழ் அது இயங்குகின்றது. மற்றைய முகமை, தேசிய இன்றியமையாத் தகவல் உட்கட்டமைப்புக் காப்பு மையம் என்னும் நெடும்பெயருடன் 2014-ஆம் ஆண்டு சனவரி 16-ஆம் நாள் அரசிதழ் அறிவிப்பால் தோன்றிற்று. மின்னாற்றல், வங்கி, தொலைத்தொடர்பு, போக்குவரத்து, அரசு முதலிய துறைகள் அதன் பொறுப்பிலுள்ளன. அஃது அமைந்த இடமே இக்கட்டுரைக்கு இன்றியமையாதது. தேசியத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தின் உறுப்பாக அது வைக்கப்பட்டது. அந்நிறுவனம் பெயரளவில் ஆராய்ச்சி. தொழிலளவில் தொழில்நுட்ப ஒற்று. அது நாடாளுமன்றச் சட்டத்தால் தோன்றியதன்று. எனவே, காவலனை ஒற்றர் இல்லத்தில் குடியமர்த்தினர் எனலாம்.

இது தகுமா என்னும் வினாவைப் புறத்திணை பயின்றார் முன்னரே கண்டிருப்பர். தொல்காப்பியர் மதிலை முற்றுவோனையும் மதிலகத்தே நின்று காப்போனையும் உழிஞை என்னும் ஒரு திணையுள்ளேயே அடக்கினார். ஆநிரை கவர்தலையும் மீட்டலையும் வெட்சியுள் அடக்கியதும் அதே நெறியால். பின்வந்த புறப்பொருள் வெண்பாமாலை ஆசிரியர் ஐயனாரிதனார், மீட்டலைக் கரந்தை எனவும் மதில் காத்தலை நொச்சி எனவும் தனித்தனித் திணைகளாக்கினார். இவற்றுள் எது பொருத்தம் என்பது உரையாசிரியர் காலந்தொட்டு வாதிக்கப்படுவது. தொல்காப்பியர் பக்கத்து நியாயம் எளிதில் விளங்கும். தாக்குதலும் தடுத்தலும் ஒரே போரின் இரு முகம். ஏணி சார்த்தும் முறையறியாதவன் ஏணியைத் தள்ளவும் அறியான். 2014-ஆம் ஆண்டில் அரசு செய்ததும் தொல்காப்பிய நெறியே. ஊடுருவும் கலை அறிந்தார் கையில் ஊடுருவலைத் தடுக்கும் பணியையும் ஒப்புவித்தது. பிரித்தானியரும் 2016-ஆம் ஆண்டில் தம் தேசியச் சைபர் பாதுகாப்பு மையத்தைச் செய்தி ஒட்டுக்கேட்கும் தலைமை அலுவலகத்தின் உறுப்பாகவே நிறுவினர்.

எனினும் யாம் ஐயனாரிதனார் பக்கம் நிற்கின்றோம். வாள் வேறு கேடயம் வேறாயினும் மதிற்போரில் இரண்டிற்கும் அறிவு ஒன்றே. கணினிப் போரில் அறிவு ஒன்றாயினும் கடமை முரண்படுகின்றது. பலர் பயன்படுத்தும் ஒரு மென்பொருளில் ஒரு பிளவினை ஒற்றன் கண்டானாயின், அதனை மறைத்து வைத்துப் பகைவன் கணினியுள் புகுதற்குப் பயன்கொள்வான். காவலன் கண்டானாயின், உடனே ஊரறியக் கூறி அடைக்கச் செய்வான். ஒரே இல்லத்தில் இருவரும் இருப்பின் எவன் சொல் செல்லும்? இது கற்பனையன்று. அமெரிக்க நாட்டின் தேசியப் பாதுகாப்பு முகமை அவ்வாறு மறைத்து வைத்த பிளவு ஒன்று வெளிப்பட்டுப் பிறர் கைப்பட, 2017-ஆம் ஆண்டு மே திங்களில் 'வான்னாகிரை' என்னும் பணயத் தீநிரல் அதன்வழிப் பல நாடுகளில் பரவிற்று. பிரித்தானிய அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. ஒற்றர் கருவி நண்பன் நாட்டு மருத்துவமனையின் கதவை உடைத்தது.

அமெரிக்கர் இதனின்று பாடம் கற்றனர் என்று கூறிவிட இயலாது. ஆயின் அவர்கள் காவல் முகமையை அமைத்த முறை கருதத்தக்கது. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் கையொப்பமான தனிச் சட்டத்தால், உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையினுள் இருந்த ஓர் இயக்குநரகம் சைபர் பாதுகாப்பு, உட்கட்டமைப்புப் பாதுகாப்பு முகமையாக மாற்றப்பட்டது. ஒற்று முகமைக்கு அது புறம்பானது. செருமானியர் இன்னும் முந்தினர். ஒற்றுத் துறையின் மறைகுறிப் பிரிவினின்று தோன்றிய அலுவலகத்தை 1991-ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டத்தால் உள்துறை அமைச்சகத்தின்கீழ்த் தனித்து நிறுத்தினர். இவ்விரு நாட்டிலும் சட்டமே முகமையைப் படைத்தது. நம் 70-அ பிரிவு முகமையைப் படைக்கவில்லை. படைத்துக்கொள்ளும் உரிமையை அரசுக்கு வழங்கி அமைந்தது.

மூன்றாம் வினா, காவல் தவறியவழி விடை கூறுவோன் யாவன் என்பது. சோழர் கல்வெட்டுகளில் 'பாடிகாவல்' என ஒரு வரி பயில்கின்றது. ஊர்க்காவலுக்கென ஊரார் செலுத்தியது அது. பிற்காலத்தில் அரியலூர், உடையார்பாளையம், துறையூர்ப் பாளையக்காரர்கள் 'அரசுகாவல்' என்னும் உரிமை தாங்கி வந்தனர். காவல்முறையின் உயிர்நாடி ஒன்றுண்டு: காவற்கூலி பெற்றவன், களவு போன பொருளை மீட்டுத் தருதல் வேண்டும், மீட்க இயலானாயின் அதன் விலையைத் தானே ஈடு செய்தல் வேண்டும். இம்முறை தூயது என்று யாம் கூறவில்லை. காவற்காரனே களவுக்குத் துணைநிற்றலும், காவற்கூலியை மிரட்டி வாங்குதலும் மலிந்தமையாலேயே கும்பினியார் அதனை ஒழித்தனர். 1859-ஆம் ஆண்டின் சட்டத்தால் சென்னை மாகாணத்தில் சம்பளம் பெறும் காவல் துறை நிலைபெற்றது. ஆயினும் காவலுக்கும் ஈட்டுக்கும் இடையே இருந்த கட்டு அம்மாற்றத்தில் அறுந்தது. அதனிடத்தில் புதுக் கட்டொன்று முழுமையாக அமையவில்லை.

கணக்குக் காட்டுதல் என்னும் நெறியும் நம் சாசனங்களுக்குப் புதிதன்று. முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஏரி வாரியம் முதலிய வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேரும் முறையை விரித்துரைக்கின்றன. முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதிருந்தவரும் அவர்க்குக் குறித்த உறவினரும் மீண்டும் வாரியத்திற்கு ஆகார் என்பது அங்குள்ள விதி. ஏரி அக்கால உட்கட்டமைப்பு. ஏரி வாரியம் அதன் காப்பு முகமை. மறைவாகக் காக்க வேண்டுவன இக்காலத்து மிகுதி என்பதனை யாம் மறுக்கவில்லை. கணினியின் எப்பகுதியில் எத்தகைய பூட்டு உள்ளது என்பதனை நாளிதழில் வெளியிடுவார் இலர். பூட்டின் அமைப்பை மறைத்தல் வேறு. பூட்டு உடைந்த செய்தியை மறைத்தல் வேறு. சட்டமும் நடைமுறையும் இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிட்டன என்பதே எம் கவலை.

சான்று தமிழ்நாட்டிலேயே உண்டு. கூடங்குளம் அணுமின் நிலையத்து நிருவாகக் கணினி ஒன்றில் தீநிரல் புகுந்த செய்தியை அவசரநிலைச் செயற்குழு 2019-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் நாள் உரியோர்க்கு அறிவித்தது. அக்டோபர் 29-ஆம் நாள் நிலையத்தின் அறிக்கை, அவ்வாறு தாக்குதல் நிகழ இயலாது என்றது. மறுநாள் அணுமின் கழகம் செய்தி உண்மை என ஒப்புக்கொண்டது. உலையை இயக்கும் கணினிப் பிணையல் அக்கணினியோடு தொடர்பற்றது என்றும் தெளிவுறுத்தியது. அத்தெளிவுரையை ஐயுறுவதற்குக் காரணம் காண்கிலோம். ஆனால் செப்டம்பர் 4-க்கும் அக்டோபர் 30-க்கும் இடைப்பட்ட எட்டு வாரங்கள் பொதுமக்களிடம் ஒன்றும் கூறப்படவில்லை. மருதையாற்றுப் பாலம் வீழ்ந்ததை விடியுமுன் அரியலூர் அறிந்தது. கணினிப் பாலம் வீழின் வீழ்ந்ததென ஒருவர் சொன்னாலன்றி அறிவாரில்லை. ஆகவே கணினிக் காவலில் 'சொல்லுதல்' என்பதே காவலின் ஒரு பாதி.

முகமைக்குச் சொல்லும் கடமை பிறர்க்கு மிகுதியாக விதிக்கப்பட்டுள்ளது. 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாளின் பணிப்புரைப்படி நிறுவனங்கள் நேர்ந்த இடரை 6 மணி நேரத்துள் செயற்குழுவிற்கு அறிவித்தல் வேண்டும். பதிவேடுகளை 180 நாள் வைத்திருத்தல் வேண்டும். கேட்ட செய்தியைத் தாராதார் தண்டிக்கப்படுவர். இவையெல்லாம் தக்கனவே. ஆனால் திரண்ட செய்தியினின்று குடிமகன் கேட்டறியும் வழி அடைபட்டது. தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இடம்பெற்று விலக்குப் பெற்றது. செயற்குழுவும் 2023-ஆம் ஆண்டு நவம்பரில் அவ்வட்டவணையுள் சேர்க்கப்பட்டது. ஊழல், மனித உரிமை மீறல் பற்றிய செய்திகள் மட்டுமே அவ்விலக்கிற்குப் புறம்பு. ஒற்றர் இல்லத்துக் காவலனே அன்றி, வெளியே நின்ற காவலனும் உள்ளே அழைத்துக்கொள்ளப்பட்டான்.

நாடாளுமன்றத்தில் வினா எழுப்பின் விடை கிடைக்கின்றது என்பதனையும் சொல்லுதல் நேர்மை. புதுதில்லி அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் கணினிகள் 2022-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் பணயத் தீநிரலால் முடங்கின. (அரியலூர் விபத்து நிகழ்ந்த நாளும், 2007-ஆம் ஆண்டில் அரியலூர் தனி மாவட்டமான நாளும் அதுவே, நாள்கள் ஒத்தமை தற்செயல்.) நோயாளர் பதிவு பல நாள் கையெழுத்தால் நடந்தது. ஐந்து கணினி வழங்கிகள் பாதிப்புற்றன, ஏறத்தாழ 1.3 டெராபைட்டுத் தரவுகள் பூட்டப்பட்டன, பிணையலைப் பகுதி பகுதியாகத் தக்கவாறு பிரிக்காமையே காரணம் என்பன அமைச்சர் நாடாளுமன்றத்தில் கூறிய விடைகள். இவற்றால் நாட்டுக் காவலுக்கு எக்கேடும் விளைந்ததாகத் தெரியவில்லை. மாறாக, பிற மருத்துவமனைகள் தம் பிணையலைச் சரிபார்த்துக்கொள்ள இது பயன்படும். இத்தகைய விடையை உறுப்பினர் வினவியபோது மட்டும் கூறாது, ஆண்டுதோறும் அவைமுன் வைக்குமாறு சட்டமே விதித்தல் வேண்டும் என்பது எம் துணிபு. 70-அ, 70-ஆ பிரிவுகளில் அத்தகைய விதி இல்லை.

இறுதியாக மாநிலங்கள் பற்றிய ஒரு நுட்பம். 70-ஆம் பிரிவு, காக்கப்பட்ட அமைப்பு என அறிவிக்கும் உரிமையை 'உரிய அரசு' என்னும் சொல்லால் வழங்குகின்றது. மாநிலப் பட்டியலிலுள்ள பொருள்களைப் பொறுத்தவரை உரிய அரசு மாநில அரசே. நிலம் மாநிலப் பட்டியலது. ஆகவே செந்துறை வட்டத்து உழவர் ஒருவரின் பட்டாவும், குன்னம் வட்டத்துக் கைம்பெண் ஒருவரின் நிலப்பதிவும் அடங்கிய கணினியைக் காக்கப்பட்டது என அறிவிக்கத் தமிழ்நாட்டரசுக்கு உரிமையுண்டு. அறிவித்தபின் அதனுள் அத்துமீறிப் புகுவார்க்குப் பத்தாண்டு வரை சிறை. ஆயின் காக்கும் முகமையைக் குறிப்பிடும் உரிமை 70-அ பிரிவால் மைய அரசுக்கு மட்டுமே உரியது. தமிழ்நாட்டரசு 2020-ஆம் ஆண்டில் தன் சைபர் பாதுகாப்புக் கொள்கையை வெளியிட்டது, கொள்கை சட்டமாகாது. மதிலுக்குப் பெயரிடுவோன் ஒருவன், மதிலைக் காப்போன் மற்றொருவன் என அமைந்த இவ்விடத்தில், அவ்வுழவரின் பட்டா பிழைபட்டால் முறையீடு எவ்வாயிலில் நிற்கும் என்பதனை இரு பிரிவுகளும் கூறவில்லை. பெரம்பலூரிலும் அரியலூரிலும் மக்கள் அறிந்த வாயில் வட்டாட்சியர் அலுவலகம் ஒன்றே. அங்கு மேசையின் பின் அமர்ந்திருக்கும் எழுத்தருக்கு இச்சட்டத்தில் எப்பெயரும் இல்லை.